அரக்கில் பதிந்த பிடி

கடைசல் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. அதில் மாட்டியிருந்த பிளம் மரப் பேனா, மரமா நிழலா என்று தெரியாத வேகத்தில் சுழன்றது. லுபின்கோ உப்புத்தாளை நாலாக மடித்து அதன் மேல் வைக்கப் போனான். அந்த நேரம் பார்த்து ராதோய்கா கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே நுழைந்து, சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினாள்.

இயந்திரம் முனகிக்கொண்டே நின்றது.

"ஏய்! யாரு நீ? உங்கப்பன் வீட்டுப் பட்டறைன்னு நினைச்சியா?" லுபின்கோ உளியைத் தூக்கிக்கொண்டு திரும்பினான்.

"நல்லவேளை, இன்னும் தேய்க்கல," என்றாள் ராதோய்கா அவனிடம் அல்லாமல், பின்னால் நின்ற திகாவிடம்.

"பாஸ், உளி ரொம்பக் கூரா இருக்கு. வணக்கம் சொல்லிட்டு ஆரம்பிச்சிருக்கலாம்," என்றான் திகா.

திகாவுக்கு இது பழகிப்போன சங்கதி. ராதோய்கா போலீஸ் வேலையை உதறிவிட்டு சாச்சாக் நகரத்தில் தனியாகத் துப்பறியத் தொடங்கிய நாளிலிருந்து அவன்தான் உதவியாளன். அவளுக்கு விழ வேண்டிய திட்டில் பாதி அவன் தலையில் விழும். ஆனால் இந்தக் கேஸ் அவனுக்கே அலுத்துவிட்டது. கேஸில் வாதி, பிரதிவாதி, வேடிக்கை பார்ப்பவன் என்று ஒருத்தர் பாக்கியில்லாமல் அவர்களை விரட்டினார்கள்.

விஷயம் இதுதான். பழத்தோட்டக்காரர் மிலிசாவ் நவம்பரில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். கடைசி வரை கூட இருந்து அவருக்குச் சோறூட்டி, துடைத்து, படுக்கை மாற்றிப் பார்த்துக்கொண்டவள் மகள் ஸ்தமேனா. காரியம் முடிந்த கையோடு மகன் வுகாஷின் ஓர் உயிலை நீட்டினான். வீடும் தோட்டமும் அவனுக்கே. மே மாதம், புனித கியோர்கி திருநாளன்று, அப்பா திடகாத்திரமாக இருந்தபோது இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்துப் போட்டாராம். கையெழுத்து கோணல்மாணலாக இருந்தது. நிபுணரோ, கிழவர் கை நடுங்கத்தானே செய்யும் என்று கையை விரித்துவிட்டார்.

அந்த வீட்டை விட்டால் ஸ்தமேனாவுக்குப் படுக்க வேறு கூரை கிடையாது. ஆனாலும் ஊர் அவளைத்தான் ஏசியது. இந்தப் பக்கத்தில் பெண்ணாய்ப் பிறந்தவள் அப்பன் சொத்தை அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போக வேண்டும். பங்கு கேட்டால் அவள் பேராசை பிடித்தவள். பேக்கரிக்காரி அவளுக்கு நேற்றைய ரொட்டியைத்தான் எடுத்துக் கொடுக்கிறாள், அதுவும் முகத்தைப் பார்க்காமல்.

கோபத்தில் ராதோய்காவை அமர்த்தியவளும் ஸ்தமேனாதான். நேற்று போன் செய்து, "விட்டுடுங்கக்கா. நாளைக்கு மத்தியானம் கோர்ட்டுல உயிலை ஒத்துக்கிறேன்னு சொல்லிடப் போறேன்," என்றவளும் அவள்தான். ஏன் என்று கேட்டதும் லைனை வெட்டிவிட்டாள்.

அந்த மத்தியானத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. கையில் இருந்ததோ ஒரே ஒரு துப்பு. சலூனில் தாடி மழிக்கப் போன இடத்தில் திகாவுக்குக் கிடைத்தது. உயிலில் கையெழுத்துப் போட்ட பேனாவை வைத்து வுகாஷினுக்கும் பேனா செய்த லுபின்கோவுக்கும் சந்தையில் அடிதடி நடந்திருக்கிறது. பேனாவின் மேல்பூச்சு கெட்டுப்போனதாம்; இலவசமாகத் திரும்பப் பூசச் சொல்லி வுகாஷின் அதை லுபின்கோவிடமே எறிந்துவிட்டுப் போனானாம்.

"அந்தப் பேனாவைப் பத்திப் பேச வந்தவங்கன்னா இப்பவே நடையைக் கட்டுங்க," என்றான் லுபின்கோ. நாற்பது வயது, எருது மாதிரி கழுத்து. பட்டறைச் சுவரெங்கும் தன் போட்டோவையே மாட்டி வைத்திருந்தான். "அந்த நாய் பாலாடை விக்கிற பொம்பளைங்க முன்னாடி என் மானத்தை வாங்கிட்டான். 'ஒரே ஒரு கையெழுத்து, இவன் பாலிஷ் கழண்டுபோச்சு'ன்னு பேனாவை ஆட்டி ஆட்டிக் காட்டுறான். கல்யாணத்துக்குப் பேனா சொன்னவங்க ரெண்டு பேரு வேண்டாம்னுட்டாங்க. இன்னிக்கு இதைச் சுரண்டிப் புதுசா பூசி அவன் மூஞ்சியில எறிஞ்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

"சரிதான். உங்க பாலிஷ்ல கோளாறு. அதை ஒத்துக்கிட்டு ஓசியில போட்டுத் தர்றீங்க. பெரிய மனசு," என்றாள் ராதோய்கா.

திகா ஒரு எட்டு பின்னால் வைத்தான். அவள் ஒருவனைப் பேச வைக்க வேண்டுமென்றால் முதலில் அவன் வாலை மிதிப்பாள்.

"கோளாறா? என் பாலிஷ்லயா?" லுபின்கோவின் முகம் ரத்தமாய்ச் சிவந்தது. பேனாவைக் கழற்றி அவள் மூக்குக்கு நேரே நீட்டினான். "கண்ணைத் திறந்து பாரு. ஈரம் இறங்கியிருந்தா பால் தெளிச்ச மாதிரி வெளுத்திருக்கும். வெளுத்திருக்கா? மரத்துல எண்ணெய் இருந்தா பூச்சு திட்டுத் திட்டா உரியும். இது பிளம். இதுல ஏது எண்ணெய்? கை வேர்வைன்னா மங்கறதுக்கு வருஷக்கணக்காகும். சூப்பர் பசையைத் தேய்ச்சுப் பளபளன்னு காட்டுறானுங்களே சில பசங்க, அது சில்லு சில்லா வெடிக்கும். நான் பூசினது அரக்கு. அசல் அரக்கு! ஈஸ்டருக்குக் கொடுக்கும்போது கண்ணாடி மாதிரி இருந்துச்சு."

"அப்புறம் ஏன் கண்ணாடி சொரசொரன்னு ஆச்சு?"

"அரக்கைக் கெடுக்கிறது ஒண்ணே ஒண்ணுதான். சாராயம். நான் அரக்கைக் கரைக்கிறதே அதுலதான். காஞ்சுபோன பூச்சு மேல சாராயம் பட்டா மறுபடி இளகிக் குழைஞ்சுடும். அந்த நேரத்துல எது அதைத் தொட்டாலும் அச்சு விழுந்து அப்படியே இறுகிடும்."

"சும்மா கதை."

"கதையா?"

லுபின்கோ அலமாரியைத் திறந்து ரக்கியா பாட்டிலை எடுத்தான். வீட்டில் காய்ச்சிய பிளம் சாராயம், மூடியைத் திருகியதுமே கண்ணில் எரிந்தது. உள்ளங்கையில் தாராளமாக ஊற்றித் தேய்த்துக்கொண்டு, கழித்துப் போட்டிருந்த பழைய பேனா ஒன்றை இறுக்கிப் பிடித்தான்.

"வீடு தேடி வந்தவங்களுக்கு ஒரு வாய் கிடையாது. பேனாவுக்கு மட்டும் உபசாரம்," என்று முணுமுணுத்தான் திகா.

லுபின்கோ கையைத் திறந்தான். பளபளப்பு போய், விரல் விரலாகத் தடம் விழுந்திருந்தது. பிளம் பேனாவில் இருந்த அதே சொரசொரப்பு, அதே தடம். ராதோய்கா இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"நீங்க இப்போ எப்படிப் பிடிச்சீங்க?"

"சுத்தியல் பிடிக்கிற மாதிரி. ஏன்?"

"இதுலயும் நாலு விரல் சுத்தி வந்திருக்கு. எழுதுறவன் மூணு விரல்ல இல்ல பிடிப்பான்?"

லுபின்கோ தோளைக் குலுக்கினான். "குடிச்சிட்டு எப்படிப் பிடிச்சானோ. இதைத்தான் சந்தையில வச்சுக் கேட்டேன். 'நீ ரக்கியாவைக் கொட்டிக் கெடுத்துட்டு என் மேல பழி போடறியா'ன்னேன். அதுக்கு அவன் என்ன பண்ணினான் தெரியுமா? சிலுவை போட்டு, அவங்க குடும்பப் புனிதர் நிக்கோலா மேல சத்தியம் பண்ணிட்டான். கையெழுத்துப் போட்ட அன்னிக்கு அப்பனும் குடிக்கல, நானும் குடிக்கல, ஒரு சொட்டு பேனா பக்கம் வரலன்னு. நிக்கோலா மேல சத்தியம்னா ஜனம் யாரை நம்பும்? என்னைத்தான் பொய்யன்னு சொல்லுச்சு."

ராதோய்காவின் முகத்தில் சட்டென்று ஒரு மாற்றம். பசித்தவள் மூக்கில் பொரியல் வாசனை பட்டது போல என்று திகாவுக்குத் தோன்றியது.

"இந்தப் பேனாவை எனக்குக் கொடுங்க."

"தரமாட்டேன்."

"மத்தியானத்துக்குள்ள உங்க அரக்குல குத்தமில்லன்னு கோர்ட் வாசல்ல வச்சு நிரூபிக்கிறேன். சந்தை மொத்தமும் கேக்கும்."

லுபின்கோ அவளை ஏற இறங்கப் பார்த்தான். பேனாவை ஒரு துணியில் சுற்றிக் கொடுத்தான். "நிரூபிக்கலேன்னா உன் காரைக் கடைசல்ல மாட்டிடுவேன்," என்றான். அவன் விளையாட்டுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை.

*

வுகாஷினின் ராஸ்பெர்ரி குளிர்கிடங்கு ஊருக்கு வெளியே இருந்தது. உள்ளே அவன் மேஜையைச் சுற்றி உயிலின் சாட்சிகள் இருவரும் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் அவனிடம் சம்பளம் வாங்குகிறவர்கள். வந்தவர்களை யாரும் உட்காரச் சொல்லவில்லை. காபிப் பாத்திரம் அடுப்பில் நிறைய இருந்தும் ஒரு கோப்பைகூட நகரவில்லை. இந்த ஊரில் அதற்கு, முகத்தில் துப்பினேன் என்று அர்த்தம்.

"என் தங்கச்சியே உன்னை வேலையை விட்டுத் தூக்கிட்டா. இன்னும் என்ன மோப்பம் பிடிச்சிட்டுத் திரியறே?" என்றான் வுகாஷின். அவன் தோள் அகலத்துக்கு நாற்காலி சின்னதாகத் தெரிந்தது.

"உயில் விஷயமா வரல. அது முடிஞ்சுபோச்சு. பேனா விஷயமா வந்தேன்," என்றாள் ராதோய்கா பணிவாக. திகா அவளைத் திரும்பிப் பார்த்தான். ராதோய்கா பணிந்தால் யாருக்கோ குழி வெட்டுகிறாள். "லுபின்கோ உங்களை ரொம்ப அசிங்கமா பேசறார். கையெழுத்து நாள்ல அப்பாவும் மகனும் மூக்கு முட்டக் குடிச்சு, பேனா மேல கொட்டினாங்களாம். எனக்கே கேக்கச் சகிக்கல."

"குடிச்சோமா?" வுகாஷின் மேஜையில் அறைந்தான். கோப்பைகள் துள்ளின. "அந்தத் திருட்டுப் பய இன்னும் அடங்கலியா? நிக்கோலா மேல சத்தியம் பண்ணேனே, பத்தலியா? எங்கப்பா கையெழுத்துப் போடறப்போ தெளிவா இருந்தாரு. ஒரு சொட்டு உள்ள போகல. கேட்டுப் பாரு இவங்களை!"

"ஒரு சொட்டு இல்ல," என்றான் முதல் சாட்சி.

"தண்ணிகூடக் குடிக்கல," என்றான் இரண்டாமவன், எஜமான விசுவாசத்தில் ஒரு படி மேலே போய்.

"கியோர்கி திருநாள்ல, முழு ஆட்டுக்குட்டி சுடற வீட்டுல, ஒரு சொட்டு இல்லியா? நான் பொறந்த நாட்டுலதான் நீங்களும் பொறந்தீங்களா?" என்று கேட்டான் திகா.

"வாயைக் கட்டு, சுண்டெலி! கையெழுத்து முடிஞ்ச அப்புறம்தான் பாட்டிலைத் திறந்தோம். அதுக்குள்ள பேனா டிராயருக்குப் போயிடுச்சு. பூட்டினது நான். சாவி என்கிட்ட. அப்பா காரியம் முடிஞ்சு திறந்து பார்த்தா, பூச்சு நாசம்! தானா உருகியிருக்கு. மட்டமான சரக்குங்கறதுக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேணும்?"

"அப்போ சாட்சிங்க இந்தப் பேனாவால எழுதலியா?"

"அவங்க பால்பாயிண்ட்ல போட்டாங்க. இது அப்பா தோட்டத்துப் பிளம் மரத்துல செஞ்ச பேனா. அவர் கை மட்டும்தான் பட்டுச்சு. ஒரே தடவை."

"ஒரே தடவை," என்று ராதோய்கா மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். "ரொம்பத் தெளிவா சொல்லிட்டீங்க. நன்றி."

"அவன்கிட்ட சொல்லு. காசு வாங்காம பூசித் தரணும். இல்லேன்னா மறுபடி சந்தைக்கு வருவேன்."

வெளியே வந்ததும் கிடங்கு நாய் காரைச் சுற்றிச் சுற்றிக் குரைத்தது. திகா கதவை அடித்துச் சாத்தினான்.

"பாஸ், என்ன பண்ணிட்டு வந்தோம்னு எனக்குப் புரியல. குடிச்சோம்னு அவன் ஒத்துக்கிட்டா கிழவர் நிதானத்துல இல்லன்னு உயிலை உடைச்சிருக்கலாம். இப்போ சாட்சி வச்சு எல்லாத்தையும் மறுத்துட்டான். நாய்கூட நம்மளைப் பார்த்துச் சிரிக்குது."

"மறுக்கட்டும்னுதான் வந்தேன். 'குடிக்கும்போது கொட்டிடுச்சு'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவன் தப்பிச்சிருப்பான். ஓசிப் பாலிஷுக்கு ஆசைப்பட்டு அந்தக் கதவை அவனே ஆணி அடிச்சுச் சாத்திட்டான்." அவள் வண்டியைக் கிளப்பினாள். பனியில் சக்கரம் ஒரு முறை வழுக்கிப் பிடித்தது. "யோசிச்சுப் பாரு. பேனாவை ஒரு கை, ஒரே ஒரு தடவை தொட்டிருக்கு. தொட்டப்போ அந்தக் கை ரக்கியாவுல நனைஞ்சிருந்துச்சு. ஆனா யாரும் குடிக்கல. குடிக்காத ரக்கியாவுக்கு நம்ம வீடுகள்ல வேற என்ன வேலை?"

"குடிக்காத ரக்கியான்னு ஒண்ணு இருக்கா? எங்க வீட்டுலெல்லாம்..." திகா பாதியில் நிறுத்தினான். "காய்ச்சல்! காய்ச்சல் வந்தா உடம்புல தேய்ப்பாங்க!"

"மே மாசம் மிலிசாவ் எப்படி இருந்தார்?"

"மரத்து மேல ஏறி கிளை வெட்டிட்டு இருந்தார். காய்ச்சல் வந்தது நவம்பர்ல. செத்தது அதே காய்ச்சல்ல." திகா சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அப்போ கையெழுத்து மரணப் படுக்கையில போட்டது! தேதி பொய்! பாஸ், உங்க கையைக் கொடுங்க, முத்தம் கொடுக்கிறேன்."

"ஸ்டியரிங் பிடிச்சிருக்கேன். இன்னொண்ணு இடிக்குது. ரக்கியாவை எங்கே தேய்ப்பாங்க?"

"நெஞ்சுல, முதுகுல, உள்ளங்கால்ல. அப்புறம் ரக்கியாவுல நனைச்ச கம்பளி சாக்ஸை மாட்டி விடுவாங்க. கைக்கு யாரும்..." அவன் குரல் இறங்கியது. "கைக்கு யாரும் தேய்க்கிறதில்ல. தேய்ச்சு விடறவங்க கைதான் நனையும். அந்த வீட்டுல தேய்ச்சு விட்டது ஸ்தமேனா."

ராதோய்கா சாலையையே பார்த்து வண்டியை ஓட்டினாள்.

"அவளே அப்பா கையைப் பிடிச்சு எழுத வச்சிருப்பாளோ? அண்ணனுக்குப் பயந்து? அதான் இப்போ விட்டுடுங்கன்னு கெஞ்சறாளோ?"

"கேட்டுத்தான் பார்க்கணும்," என்றாள் ராதோய்கா. அவளுக்கும் அந்தக் கேள்வி பிடிக்கவில்லை என்பது, அவள் கியரைப் போட்ட விதத்திலேயே தெரிந்தது.

*

ஸ்தமேனா கோட்டு மாட்டி, தலையில் முக்காடு கட்டி, சமையலறையில் தயாராக நின்றுகொண்டிருந்தாள். கோர்ட்டுக்குக் கூட்டிப்போக அண்ணன் வண்டியோடு வருவான். ஜன்னலுக்கு வெளியே பிளம் மரங்கள் மொட்டையாக நின்றன.

"விட்டுடுங்கன்னு சொன்னேனே அக்கா. எதுக்கு மறுபடி வந்தீங்க?" என்றாள். அவள் குரலிலும் பகைதான்.

"ஒரே ஒரு கேள்வி. அப்பாவுக்குக் காய்ச்சல் இருந்தப்போ ரக்கியா தேய்ச்சு விட்டது யாரு?"

"நான்தான். வேற யாரு இருந்தா?"

"எங்கெல்லாம்?"

"எல்லாரும் தேய்க்கிற இடத்துலதான். நெஞ்சு, முதுகு, பாதம்."

"கையில?"

"கைக்கு யாராவது தேய்ப்பாங்களா? என்ன கேள்வி இது? என்னையே..." ஸ்தமேனா நிறுத்தினாள். மேஜையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகம் மாறியதைத் திகா பார்த்தான். மாட்டிக்கொண்ட முகம் இல்லை அது. யாருக்கும் காட்டாமல் பொத்தி வைத்திருந்ததை வேறொருத்தி பெயர் சொல்லிக் கேட்டுவிட்ட முகம்.

"வுகாஷின் தேய்ச்சான்," என்றாள் மெதுவாக.

முக்காட்டின் முடிச்சைத் தளர்த்திக்கொண்டாள்.

"அப்பாவுக்கு நினைவு தப்பிக்கிட்டே இருந்துச்சு. கையெல்லாம் விறைச்சுப்போய் மடக்கக்கூட முடியல. அண்ணன் வந்தான். நீ போய் டாக்டரைக் கூட்டிட்டு வா, நான் பார்த்துக்கிறேன்னான். பாதி வழியில பனி, பஸ் வரல. திரும்பிட்டேன். கதவு கொஞ்சம் திறந்திருந்துச்சு. பார்த்தா, அண்ணன் கட்டில்ல உக்காந்திருக்கான். அப்பா கையைத் தன் மடியில வச்சு, ரக்கியா ஊத்தி, ஒவ்வொரு விரலா நீவி விட்டுட்டு இருக்கான்." அவள் கண் நிறைந்தது. "அக்கா, அவங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தொட்டு நான் பொறந்ததிலேருந்து பார்த்ததில்ல. ஜென்மப் பகை. எனக்கு உள்ள போக மனசு வரல. பின்னாடி விறகுக் கொட்டாயில போய் நின்னு அழுதேன். திரும்பி வந்தப்போ அவன் கிளம்பிட்டான்."

"இதுக்காகவா உயிலை ஒத்துக்கறே?"

"முதல்ல ஆத்திரத்துல உங்களைக் கூப்பிட்டேன். முந்தாநாள் அந்தக் கட்டில் மெத்தையைத் திருப்பிப் போடறப்போ எல்லாம் கண்ணு முன்னாடி வந்துடுச்சு. அப்பாவை அப்படித் தொட்டவனோட நான் கோர்ட்டுல நிக்க மாட்டேன். வீடு போனாப் போகட்டும்."

ராதோய்கா துணியைப் பிரித்துப் பேனாவை மேஜையில் வைத்தாள். திகாவுக்கு அந்த நேரத்தில் அவளைத் தடுத்து இழுத்துக்கொண்டு ஓடிவிடலாம் போலிருந்தது. நல்ல செய்தி கொண்டுவருகிறோம் என்று வண்டியில் குதித்தது அவன்தான். இப்போது அந்தச் செய்தி ஒரு கொலைபாதகம் மாதிரித் தெரிந்தது.

"விறைச்சுப்போன விரல் பேனாவைப் பிடிக்காது, ஸ்தமேனா," என்றாள் ராதோய்கா. "நீவி நீவி இளக்கினாத்தான் மடங்கும். மடக்கி, பேனாவைச் சொருகி, மேலேருந்து அழுத்தி எழுத வச்சிருக்கான். அப்பா விரல்ல ரக்கியா காயல. பேனா மேல பூசின அரக்கு அந்த ஈரத்துல இளகி, பிடியை அப்படியே பிடிச்சு வச்சிருக்கு. பாரு, நாலு விரலும் சுத்தி வந்திருக்கு. இது எழுதற பிடியே இல்ல."

"இல்ல." ஸ்தமேனா பேனாவைப் பார்க்கவில்லை. "பாசத்துலதான் தேய்ச்சான். பேனா வேற எப்பவாவது நனைஞ்சிருக்கும்."

"அப்பா கை பட்டது ஒரே தடவைன்னு அவனே இன்னிக்குச் சொன்னான். அன்னிக்கு ஒரு சொட்டு பக்கத்துல வரலன்னு நிக்கோலா மேல சத்தியமும் பண்ணியிருக்கான்."

"நீங்க அந்தக் கையைப் பார்க்கல. நான் பார்த்தேன். எவ்வளவு மெதுவா நீவினான் தெரியுமா?"

வெளியே ஹாரன் அடித்தது. ஒருமுறை, பிறகு பொறுமையில்லாமல் நீளமாக.

ஸ்தமேனா முக்காட்டை இறுக்கிக்கொண்டாள். "நான் அவனையே கேக்கறேன்."

"கேட்டா உஷாராயிடுவான். சாட்சிங்களுக்கும் சொல்லிக் கொடுத்து வச்சிடுவான்..." என்றாள் ராதோய்கா.

"உஷாராகட்டும். நான் கேக்கணும்."

அவள் வெளியே போனாள். ராதோய்காவும் திகாவும் வாசலில் நின்றார்கள். வுகாஷின் வண்டிக்குள்ளிருந்தே பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டிருந்தான். பின்னால் நின்றவர்களைப் பார்த்ததும் முகம் சுளித்தான்.

"இந்தக் கழுகுங்களை எதுக்கு உள்ள விட்டே? ஏறு, நேரமாச்சு."

"அண்ணே." ஸ்தமேனா திறந்த கதவருகே நின்றாள். ஏறவில்லை. "அப்பாவுக்கு ரொம்ப முடியாம இருந்த அன்னிக்கு, என்னை டாக்டரைக் கூட்டிவர அனுப்பினியே. நான் பாதியிலயே திரும்பி வந்துட்டேன். நீ அப்பா கையில ரக்கியா தேய்ச்சிட்டு இருந்தே. நான் கதவுக்குப் பின்னாடி நின்னு பார்த்தேன்."

அவள் குரலில் குற்றச்சாட்டே இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. அவன் வாயைத் திறந்து, 'அப்பா கை சில்லுன்னு இருந்துச்சு, தங்கச்சி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் அந்த வண்டியில் ஏறிவிடுவாள் என்பது திகாவுக்குத் தெளிவாகத் தெரிந்தது. வீட்டையும் தோட்டத்தையும் தூக்கிக் கொடுத்துவிட்டு, அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு மிச்ச காலத்தை எங்காவது வாடகை அறையில் ஓட்டிவிடுவாள்.

வுகாஷினின் கை ஸ்டியரிங்கில் அப்படியே நின்றது.

"எவ்வளவு நேரம் நின்னே?" என்று கேட்டான்.

ஸ்தமேனா அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இல்ல, எதுக்குக் கேக்கறேன்னா... அப்பாவுக்குக் குளிரா இருந்துச்சு, அதான்..." அவன் அவசர அவசரமாக ஆரம்பித்தான். "என்ன பார்த்தே நீ? சொல்லு. என்ன பார்த்தே?"

அவள் வண்டிக் கதவை வெளியிலிருந்தே சாத்தினாள். கண்ணாடிக்குப் பின்னால் அவன் ஏதோ கத்துவது தெரிந்தது. அவள் திரும்பி வாசலுக்கு வந்தாள்.

"அக்கா, உங்க வண்டியில இடம் இருக்கா?" என்றாள். "கோர்ட்டுக்கு வரேன். அன்னிக்கு நான் பார்த்ததைச் சொல்லணும்."